கோபால்ட் அறையில் அம்மன்

தெலுங்கில் பேசினால் எனக்குப் புரியாது என்று அந்த இரண்டு பெண்களும் நினைத்திருக்க வேண்டும். தாம்பரம் போகும் மின்சார ரயிலில், பெண்கள் பெட்டியில், எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். "தனியாக வந்திருக்கிறாள். பெட்டியைப் பார், வெளிநாட்டுப் பெட்டி" என்றாள் ஒருத்தி. "கழுத்தில் ஒன்றையும் காணோம். கல்யாணம் ஆகாதவளா, ஆகி இழந்தவளா?" என்றாள் மற்றவள். நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில் பாதிக் குடும்பங்கள் தெலுங்குக் குடும்பங்கள். இழந்தவள்தான் என்று அவர்கள் மொழியிலேயே சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு தாம்பரம் வரை அவர்களுடைய சங்கடத்தை யார் பார்த்துக்கொண்டிருப்பது? ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எண்பதுகளின் கடைசியில், ஒரு மாசி மாதம். பினாங்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் உலோகவியல் கற்பித்துவந்தேன். பழைய வெண்கலங்கள் ஏன் விரிசல் விடுகின்றன, எப்படி அரிக்கப்படுகின்றன என்பது என் ஆராய்ச்சி. சிங்கப்பூரில் நடந்த ஒரு கருத்தரங்கில் நூருல் அமீன் என்பவரைச் சந்தித்திருந்தேன். சென்னையில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் கதிர்வீச்சு இயற்பியலாளர், வீடு தாம்பரத்தில். கட்டியின் மேல் எவ்வளவு கதிர், எந்தக் கோணத்தில், எத்தனை நிமிடம் விழ வேண்டும் என்று கணக்குப் போடுவது அவர் வேலை. அவருடைய பள்ளித் தோழர் ராஜமாணிக்கம், பெரும்பாக்கம் பக்கத்து ஊர் ஒன்றின் அம்மன் கோயிலுக்குத் தர்மகர்த்தா. அந்தக் கோயிலின் உற்சவர் சிலைக்குக் காலடியில் பச்சையாக ஏதோ கசிகிறதாம். அமீன் எனக்கு எழுதினார். அப்போது எனக்குக் கிளம்பிப் போக ஒரு காரணம் தேவைப்பட்டது. விடுப்பு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

தங்கியது தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜில். "கூட யாரு வர்றாங்க மேடம்?" என்று கேட்டார் மேனேஜர். யாரும் இல்லை என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்புறமா வருவாங்களா?" என்றார். இல்லை என்றேன். கடைசியில் அமீனின் பெயரைச் சொன்ன பிறகுதான் சாவி கிடைத்தது. காலையில் பொங்கலும் வடையும் அறைக்கே வந்தன. எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளில் முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். இங்கே தனியாக வந்த பெண் என்றதும், கண்ணில் படாத இடத்தில் வைத்துச் சோறு போடுவதுதான் மரியாதை என்று நினைத்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பொங்கலில் மிளகைப் பொறுக்கிக்கொண்டே சுவரைப் பார்த்துச் சாப்பிட வேண்டியிருந்தது.

லாட்ஜுக்கு எதிரே கண்ணாடிக் கதவு போட்ட டெலிபோன் பூத் ஒன்று. வந்த அன்றே மாலையில் உள்ளே போய்ப் பினாங்கில் என் வீட்டு எண்ணைச் சுழற்றினேன். இரண்டு வருடமாக அந்த வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. கூடத்தில் போன் இருக்கும் இடம், பக்கத்தில் என் கணவர் செல்வம் வாங்கிப்போட்ட பிரம்பு நாற்காலி, எல்லாம் அந்த மணிச் சத்தத்தில் தெரிந்தன.

"எடுக்கலையா மேடம்?" என்றார் பூத்காரர்.

"இல்லை."

"வெளில போயிருப்பாங்க. நாளைக்கு வாங்க."

மறுநாளும் போனேன்.

கோயிலுக்கு அமீன் தன் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார வைத்து அழைத்துப் போனார். தாம்பரம் தாண்டிக் கிழக்கே போகப் போகக் கடைகள் குறைந்து ஏரியும் வயலும் வந்தன. வயல் நடுவே வரிசையாக வெள்ளை அடித்த கற்கள். "அதெல்லாம் பிளாட்டு. அடுத்த தடவை நீங்க வரும்போது வீடா இருக்கும்" என்றார் அமீன். கோயில் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அவர் வெளியிலேயே நின்றுகொண்டார். நான் உள்ளே போனேன்.

பூசாரி ஏகாம்பரத்துக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். காலையில் பூசை, பகலில் மரக்கடையில் வேலை. பட்டுத்துணியை விலக்கிக் காட்டினார். இரண்டடி உயரத்துக்கும் குறைவான அம்மன். இடுப்பைச் சற்றே ஒசித்து நின்றாள். வலது கணுக்காலைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு. அந்தக் கோட்டிலிருந்து வெளிறிய பச்சைத் தூள் உதிர்ந்திருந்தது.

"வேர்வைன்றாங்க மேடம் ஊர்ல. ஊருக்கு இன்னாமோ வரப்போவுது, அதான் அம்மாவுக்கு வேர்க்குதுன்றாங்க. நான் தொடச்சிகினேதான் கீறேன். மறுநாளே வந்துடுது."

"அபிஷேகத்துக்கு என்னென்ன ஊற்றுவீர்கள்?"

"பாலு, தயிரு, எளநி. அப்புறம் மாசி மகத்துக்குக் கோவளம் இட்டுகினு போவோம். கடல்ல முழுக்கு."

"சிலையையே கடலில் இறக்குவீர்களா?"

"நாந்தான் தோள்ல தூக்கிகினு எறங்குவேன். எங்க அப்பாவும் எறக்கினாரு."

கடல் என்றதும் எனக்குப் பாதி விளங்கிவிட்டது. உப்பு வெண்கலத்துக்குள் ஒருமுறை புகுந்துவிட்டால் எளிதில் போகாது. உள்ளேயே இருந்து ஈரம் கிடைக்கும்போதெல்லாம் தின்னும். ஆனால் அந்தக் கோடு எவ்வளவு ஆழம்? கால் உள்ளே கெட்டியா, பொள்ளலா? வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. மார்புக்கு எடுக்கும் சாதாரண எக்ஸ்ரே வெண்கலத்தைத் துளைக்காது. அதற்குப் புற்றுநோய்க்குப் பயன்படும் கோபால்ட் கதிர் வேண்டும். அமீன் என்னை வரச் சொன்னதே அதனால்தான். ஞாயிற்றுக்கிழமை நோயாளிகளுக்குக் கதிர் வைப்பதில்லை. மருத்துவமனையிலும் ராஜமாணிக்கத்திடமும் அனுமதி வாங்கியிருந்தார்.

வெள்ளிக்கிழமை அமீன் வீட்டில் சாப்பாடு. அவர் மனைவி ஜமீலா பிரியாணிக்குத் தாளிச்சா வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினார். "நீங்க பேசறது ரேடியோல நியூஸ் வாசிக்கிற மாதிரியே இருக்குக்கா" என்று சிரித்தார். சொந்த ஊர் எது என்று கேட்டார். செங்கல்பட்டுப் பக்கம் என்று என் அப்பா சொல்வார், ஊர்ப் பெயர் அவருக்கே தெரியாது என்றேன். "அப்ப இங்கதான் எங்கயோ" என்று என் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தார். பினாங்கை விட்டு வந்தபின் பக்கத்தில் ஆள் இருந்து சாப்பிட்ட முதல் சாப்பாடு அது. திரும்பி வந்து லாட்ஜ் அறையைத் திறந்தபோது அறை முன்பைவிடச் சிறியதாக இருந்தது.

ஞாயிறு காலை அம்மன் வாடகை அம்பாசடரில் புறப்பட்டாள். பின் இருக்கையில் ஒரு ஓரம் ஏகாம்பரம், மறு ஓரம் நான், நடுவில் பட்டுச் சேலையில் அம்மன். முன்னால் அமீன். மேடவாக்கம் தாண்டியதும் டயர் வெடித்தது. டிரைவர் ஸ்டெப்னியை எடுத்துப் பார்த்தார். அதிலும் காற்று இல்லை. அதை உருட்டிக்கொண்டு பங்க்சர் கடை தேடிப் போனார். காருக்குள் வெயில் ஏறியதால் ஏகாம்பரம் அம்மனைத் தூக்கிவந்து சாலையோரப் புளியமர நிழலில் வைத்தார். அவ்வளவுதான். சைக்கிளில் போன ஒருவர் இறங்கிச் செருப்பைக் கழற்றினார். ஒரு பெண் தன் கூடையிலிருந்து ஒரு முழம் பூவை எடுத்து அம்மன் கழுத்தில் போட்டாள். யாரோ சூடம் ஏற்றினார்கள். பஸ் ஒன்று நின்றது. கண்டக்டர் முதற்கொண்டு இறங்கிக் கும்பிட்டார்கள்.

"எங்க போறா ஆத்தா?" என்று பூக்காரி கேட்டாள்.

ஏகாம்பரம் அமீனைப் பார்த்தார். அமீன் என்னைப் பார்த்தார். "ஆஸ்பத்திரிக்கு" என்றேன் நான்.

அவள் ஆச்சரியப்படவில்லை. "நல்லபடியா போய்ட்டு வரட்டும்" என்று கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

கோபால்ட் அறைக்குள் போகும் வழி, நத்தை ஓடு போல வளைந்து போகும். கதிர் நேராக வெளியே வராமல் இருக்க அப்படிக் கட்டுவார்கள். எனக்கு அந்த வளைவு தெரியும். பினாங்கில் செல்வத்தோடு அதே மாதிரியான ஒரு வளைவின் தொடக்கம் வரை தினமும் நடந்தேன். அதற்கு மேல் நான் போகக் கூடாது. கதவு மூடும், மேலே சிவப்பு விளக்கு எரியும். உள்ளே அவர் தனியாக. வெளியே பெஞ்சில் நான். அந்தச் சில நிமிடங்களில் அவர் எதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார் என்று நான் கேட்டதே இல்லை. இப்போது உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தேன். மங்கலான பச்சைக் கூரை. ஒரு மூலையில் ஈரம் பூத்திருந்தது. வேறு ஒன்றும் இல்லை. பினாங்கிலும் இப்படித்தான் இருந்திருக்கும்.

"மேடம், ரெடியா?" என்றார் அமீன்.

அம்மனை நான் தொடக் கூடாது என்பது பேச்சு. ஏகாம்பரம் அவளை மருத்துவக் கட்டிலின் வெள்ளை விரிப்பில் கிடத்தினார். நான் சொல்லச் சொல்ல ஒருக்களித்து வைத்தார். ஈயத்தகடு வைத்த ஃபிலிம் உறையைக் காலுக்கு அடியில் தள்ளினேன். அமீன் இயந்திரத்தின் தலையைக் கணுக்காலுக்கு நேரே இறக்கினார். சாமியைப் படுக்க வைத்துத் தான் இதுவரை பார்த்ததே இல்லை என்றார் ஏகாம்பரம்.

வெளியே வரத் திரும்பியபோது வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். வார்டில் தங்கிச் சிகிச்சை பெறுபவள். முப்பது வயது இருக்கும். கதிர் விழும் இடத்தைக் குறிக்கக் கழுத்தில் ஊதா மையால் கோடு போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கதவு திறந்திருக்கிறதே என்று பார்க்க வந்திருக்கிறாள். கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் படுக்கிற எடம்" என்றாள். பிறகு, "அம்மாவுக்கு இன்னா?" என்றாள்.

"கால்ல" என்றார் ஏகாம்பரம்.

"எனக்குக் கழுத்துல."

அமீன் மெதுவாக, "நீங்க வார்டுக்குப் போங்கம்மா, இங்க நிக்கக் கூடாது" என்றார். அவள் நகரவில்லை. "வலிக்காதுன்னு அம்மாகிட்ட சொல்லுங்க. சத்தம் மட்டும் வரும். மூச்ச இழுத்துப் புடிக்க வேணாம், சாதாரணமா வுட்டா போதும்" என்றாள். ஏகாம்பரம் திரும்பி உள்ளே போனார். கட்டிலருகே குனிந்து ஏதோ சொன்னார். அவள் சொன்னதைத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். வரும்போது அம்மன் மேலிருந்த பூவில் கொஞ்சம் கிள்ளி எடுத்து வந்து அவளிடம் கொடுத்தார். கதவு மூடியது. சிவப்பு விளக்கு எரிந்தது. நாங்கள் நால்வரும் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தோம். இந்த முறை பெஞ்சில் நான் மட்டும் இல்லை.

இருட்டறையில் ஃபிலிம் கழுவி விளக்குப் பெட்டியில் மாட்டியபோது அமீனும் நானும் ஒரே சமயத்தில் பார்த்தோம். காலுக்குள் நேராக ஒரு கம்பி. எந்தக் காலத்திலோ கணுக்கால் ஒடிந்திருக்கிறது. யாரோ உள்ளே துளையிட்டு இரும்புக் கம்பி சொருகி, மேலே வெண்கலம் உருக்கி ஊற்றி, தெரியாதபடி தேய்த்துவிட்டிருக்கிறார்கள். அருமையான வேலை. ஆனால் இணைப்பு வழியே கடல் நீர் உள்ளே போயிருக்கிறது. இரும்பு துருவேறிப் பருத்து, வெண்கலத்தை உள்ளிருந்தே பிளந்துகொண்டிருந்தது. கம்பியில் நல்ல இரும்பு என்று ஒரு நூல் அளவுதான் மிச்சம்.

மறுநாள் அமீனும் ஏகாம்பரமும் நானும் ராஜமாணிக்கத்தின் அலுவலகத்துக்குப் போனோம். முன்பு நெல் மூட்டை அடுக்கிய இடத்தில் இப்போது பிளாட் வரைபடம் தொங்கியது. ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். துரு எப்படிப் பருக்கும், உப்பு என்ன செய்யும் என்று எனக்குத் தெரிந்த எளிய தமிழில் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப பின்னமாயிடுச்சுன்னு சொல்றீங்க."

பின்னப்பட்ட சிலையைப் பூசையில் வைக்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஒரு சொல்லைத் தவறாகச் சொன்னால் அம்மன் ஆற்றிலோ உலையிலோ போய்ச் சேருவாள்.

"உடையவில்லை. கம்பியை எடுத்து, உப்பைக் கழுவி, துருப்பிடிக்காத எஃகு வைத்துவிடலாம். ஸ்தபதியும் நானும் சேர்ந்து வழி சொல்ல முடியும். ஆனால் அதுவரை கடலில் இறக்கக் கூடாது. இந்த மாசி மகத்துக்கும்."

"நாலு நாள்ல மகம். கோவளத்து மீன்காரங்களுக்கு யார் பதில் சொல்றது? அம்மா எறங்கினாத்தான் அவங்க போட்டு எறங்கும்." அவர் ஃபிலிமை மேசைமேல் வைத்தார். கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் உறைத்தது. "நீங்க படிச்சவங்க மேடம். சொல்லிட்டு பிளேன் ஏறிடுவீங்க. நாங்க இங்கயே இருக்கணும்."

ஃபிலிமை எடுத்து உறைக்குள் போட்டேன். கோயில் விஷயத்தில் அமீன் ஓரளவுக்கு மேல் பேச முடியாது என்பது எனக்குத் தெரியும்.

அதற்கடுத்த இரண்டு நாட்கள் செய்ய வேலை இல்லை. ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த பழைய கல்லூரியின் மரங்களுக்கிடையே நடந்தேன். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் என்னைப் பேராசிரியை என்று நினைத்து எழுந்து நின்றார்கள். விமானப்படை விமானம் ஒன்று ஏறியும் இறங்கியும் ஒரே வட்டத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு நாளும் கையில் கொய்யாப்பழம் வாங்கி வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் அறைக்குத் திரும்பினேன். செல்வம் இருந்தபோது இப்படித் தோற்றுப் போய் வீட்டுக்கு வந்தால் முழுதும் கேட்டுவிட்டு, "சரி, அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு" என்பார். எனக்கு எரிச்சல் வரும். இப்போது நானே அதைச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. பூத்காரர் கதவைப் பாதி திறந்து, "இன்னிக்காவது எடுத்தாங்களா மேடம்?" என்றார். "எடுத்தாங்க" என்று பொய் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. அதன்பின் அங்கே போகவில்லை.

மகத்துக்கு முதல் நாள் காலை லாட்ஜ் வாசலில் ஏகாம்பரம் நின்றிருந்தார். மேனேஜர் நாற்காலி கொடுத்தும் உட்காரவில்லை.

"போன வருசம் தண்ணிலேர்ந்து தூக்கும்போது கால் லேசா ஆடிச்சி மேடம். என் பிரமைன்னு நென்ச்சேன். யார்கிட்டயும் சொல்லல. ஃபிலிம்ல பாத்ததுலேர்ந்து தூக்கமே இல்ல. ஒரு பேஜாராவே கீது." கொஞ்சம் தயங்கினார். "அம்மா வரட்டும். ஆனா கரையிலயே நிக்கட்டும். அவ சூலத்த மட்டும் நான் எறக்கறேன். சூலமும் அவதான? தப்பா?"

"அது சரியா தப்பா என்று எனக்குச் சொல்லத் தெரியாது" என்றேன். "காலுக்கு நல்லது."

"அது போதும். அண்ணாகிட்ட நான் பேசிக்கிறேன்."

ராஜமாணிக்கத்திடம் அவர் என்ன பேசினாரோ தெரியாது. மகத்தன்று விடியலில் அம்மன் பூ அலங்காரத்தோடு டிராக்டரில் ஏறினாள். பின்னால் ஒரு லாரியில் ஊர்ப் பெண்களோடு நானும் ஏறிக்கொண்டேன். கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போய்ச் சேர்வதற்குள் புடவை முழுவதும் மஞ்சள் தண்ணீர். அங்கே கரையில் காலூன்ற இடமில்லை. மீன் ஏலம் போடும் இடத்தைக் கழுவிக் கோலம் போட்டிருந்தார்கள். படகுகளுக்கெல்லாம் மாலை.

அம்மனைச் சிறிய மரச்சப்பரத்தில் வைத்து மணலில் இறக்கினார்கள். ஏகாம்பரம் சூலத்தை மட்டும் கையில் எடுத்ததும் மீனவர் கூட்டத்தின் முன்னால் நின்ற பெரிய மீசைக்காரர் வழியை மறித்தார்.

"இன்னா பூசாரி, அம்மா எங்க?"

"அம்மா எறங்கல."

"இன்னா எறங்கல? காலங்காலமா எறங்கினுகீறா. போட்டெல்லாம் காத்துகினு நிக்குது."

ராஜமாணிக்கம் முன்னால் வந்தார். துரு, கம்பி, உப்பு என்று நான் சொன்னதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். அவர் அத்தனையையும் கவனமாகக் கேட்டு வைத்திருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆனால் கூட்டத்தில் முணுமுணுப்பு ஏறியது. ஏகாம்பரம் அவர் தோளைத் தொட்டு நிறுத்திவிட்டு மீசைக்காரரிடம் திரும்பினார்.

"அண்ணா, அம்மாவுக்குக் கால்ல அடி. பழைய முறிவு. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போய்ப் படம் புடிச்சோம். தண்ணில எறங்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

மீசைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஆமாவா?"

"ஆமாம். ஆறும் வரைக்கும் கூடாது."

அவர் சப்பரத்துக்கு அருகே போனார். அம்மனின் காலை மறைத்திருந்த பட்டுத்துணியை உற்றுப் பார்த்தார். கையெடுத்துக் கும்பிட்டார். "என் பொஞ்சாதிக்கும் கால்தான். மாடிப்படி ஏறக் கூடாதுன்ட்டாங்க" என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார். "சூலம் எறங்கட்டும். வுடு வழிய."

மேளம் அதிர்ந்தது. ஏகாம்பரம் சூலத்தோடு அலைக்குள் ஓடினார். அவர் பின்னால் ராஜமாணிக்கம், மீனவர்கள், லாரியில் வந்த பெண்கள் என்று கூட்டம் மொத்தமும் ஓடியது. சப்பரத்துக்குக் குடை பிடித்திருந்த ஆளும் குடையை மணலில் ஊன்றிவிட்டு ஓடிவிட்டார். ஒரு நிமிடத்தில் கரை காலியானது. செருப்புகள் சிதறிக் கிடந்தன. அம்மன் கடலைப் பார்த்து நின்றாள். நானும் அவளும் மட்டும்தான் இருந்தோம்.

காற்று குடையைச் சாய்த்தது. எட்டிப் பிடித்துக்கொண்டேன். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டு ஒரு மீனவப் பெண் அந்தப் பக்கம் வந்தாள். "நீ எறங்கலியா?" என்றாள்.

"இல்லை. அம்மனோடு இருக்கிறேன்."

என்னையும் அம்மனையும் ஒரு தடவை பார்த்தாள். "அப்ப கொடைய கொஞ்சம் சாச்சிப் புடி. வெயிலு அம்மா மூஞ்சில அடிக்குது பாரு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தண்ணீருக்குள் போய்விட்டாள்.

சாய்த்துப் பிடித்தேன். நிழல் அம்மன் முகத்துக்கு வந்தது. என் பாதி முகத்திலும் விழுந்தது. எல்லோரும் கரையேறி வரும்வரை, கை கடுத்தும், அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.